மீன் தீவனத்தில் வைட்டமின்: டப்பாவிலிருந்து மீனின் வாய் வரை

மீன் வளர்ப்பவர்கள் வைட்டமினுக்குக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு மீனின் வயிற்றுக்குப் போவதில்லை. கொஞ்சம் டப்பாவிலேயே செத்துப்போகிறது. கொஞ்சம் அடுப்புச் சூட்டில் போகிறது, கொஞ்சம் வெயிலில் காயும்போது போகிறது, மிச்சம் குட்டைத் தண்ணீரில் கரைகிறது. "எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்பவர்கள் ஏராளம். போட்டதில் எவ்வளவு மீனைச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கட்லா, ரோகு, மிர்கால், சாதாக்கெண்டை, திலேப்பியா வளர்ப்பவர்களுக்கும், விரால், கொடுவா வளர்ப்பவர்களுக்கும் பயன்படும்படி அந்த இரண்டாவது கேள்வியை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், உங்கள் குட்டைக்கு இது தேவைதானா?

எல்லாக் குட்டைக்கும் தேவையில்லை. தண்ணீர் நல்ல பச்சையாக, நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்து, மீன் எண்ணிக்கை அளவாக இருந்தால், கெண்டைகளுக்கு வேண்டிய வைட்டமின்களில் பெரும்பங்கு அந்தப் பச்சைத் தண்ணீரிலேயே கிடைத்துவிடும். எளிய சோதனை ஒன்று உண்டு. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் நேராக நீட்டுங்கள். முழங்கை நனையும் நேரத்தில் உள்ளங்கை மறைந்தால் இயற்கை உணவு போதிய அளவு இருக்கிறது. முழங்கை தாண்டியும் விரல் நகம் தெரிந்தால் மீன் உங்கள் கையை மட்டுமே நம்பி இருக்கிறது என்று பொருள்.

தார்ப்பாய்த் தொட்டி, சிமெண்ட் தொட்டி, அணையில் மிதக்கும் கூண்டு, நெருக்கமாகக் குஞ்சு விட்ட குட்டை ஆகியவற்றில் கதை வேறு. அங்கே இயற்கை உணவு பேருக்குத்தான். தீவனத்தில் இல்லாதது மீனுக்கு இல்லை. பயோஃபிளாக் தொட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் மிதக்கும் நுண்ணுயிர்த் திரள்களில் ஓரளவு வைட்டமின் உண்டு, அதை மட்டும் நம்பித் தீவனத்தில் கைவைக்க முடியாது.

அடுத்து, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று பாருங்கள். கம்பெனி மிதக்கும் தீவனம் என்றால், இயந்திரச் சூட்டில் ஏற்படும் இழப்பையும் கணக்கிட்டுத்தான் வைட்டமின் சேர்த்திருப்பார்கள். மூட்டையில் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்டது, உலர்ந்த இடத்தில் இருந்தது என்றால், அதன் மேல் இன்னொரு டானிக் வாங்கித் தெளிப்பது பெரும்பாலும் வீண். கடைக்காரர் கொடுப்பார், வாங்காதீர்கள். தவிடும் பிண்ணாக்கும் கலந்து நீங்களே தயாரிக்கும் தீவனம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது.

மீனால் செய்துகொள்ள முடியாதது

மீனுக்குத் தேவைப்படும் வைட்டமின்கள் பதினைந்து. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பி வகையைச் சேர்ந்த எட்டு, கோலின், இனோசிட்டால், சி ஆகியவை நீரில் கரைபவை. நீரில் கரையும் வைட்டமின்களில் எது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் சோதனைத் தீவனத்தை அமெரிக்காவில் ஜான் ஹால்வர் சால்மன் குஞ்சுகளுக்குக் கொடுத்து 1957-ல் வெளியிட்டார். அடுத்து வந்த ஆய்வுகள் பலவற்றுக்கும் அது அடித்தளமானது.

இவற்றில் நம் பண்ணைகளில் முதலில் காலை வாருவது வைட்டமின் சி. மாடும் கோழியும் அதைத் தம் உடலிலேயே செய்துகொள்ளும். நாம் வளர்க்கும் மீன்களுக்கு அதற்கான நொதி இல்லை. இதில் ஒரு பண்ணைப் பாடம் இருக்கிறது. கோழித் தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி பிரீமிக்ஸை (பல வைட்டமின்களை முன்கூட்டியே கலந்து விற்கும் தூள்) வாங்கி மீன் தீவனத்தில் கலக்கும் பழக்கம் பரவலாக உண்டு. கோழிக்கு வைட்டமின் சி அவசியம் இல்லாததால் அந்தக் கலவைகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. மற்ற வைட்டமின்கள் எல்லாம் இருக்கும், மீனுக்கு முதலில் வேண்டியது மட்டும் இருக்காது. வேறு வழியில்லாமல் கோழி பிரீமிக்ஸ்தான் என்றால், சி-யைத் தனியே வாங்கிச் சேர்த்தே தீர வேண்டும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையை வைட்டமின் என்று நினைத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அதன் வேலை வேறு.

மீன் காட்டும் அடையாளங்கள்

மாதம் ஒருமுறை வலை போட்டு எடை பார்க்கும்போது மீனை மேலிருந்து பாருங்கள், பக்கவாட்டிலும் பாருங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் பாம்பு போல வளைந்தோ, நடுவில் குழிந்தோ இருந்தால் வைட்டமின் சி குறைவின் அறிகுறி. எலும்பையும் தோலையும் பிடித்து நிறுத்தும் கொலாஜன் என்ற புரதம் சரியாகக் கட்டப்படச் சி வேண்டும். அது இல்லாவிட்டால் எலும்பு தன் மேல் இழுக்கும் தசையின் விசையைத் தாங்காது. அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் 1970-களில் இதை "உடைந்த முதுகு" என்றே அழைத்தார்கள். அப்படி ஒரு மீனை நீளவாக்கில் பிளந்தால் வளைவு இருக்கும் இடத்தில் எலும்பைச் சுற்றி இரத்தம் கசிந்திருப்பதைக் காணலாம். வலைக் காயம் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பதும் இதே குறைவின் இன்னொரு முகம்.

ஒன்றிரண்டு வளைந்த மீன் எல்லாக் கூட்டத்திலும் இருக்கும். பொரிப்பகத்திலேயே வந்திருக்கலாம். வலைக்கு வலை எண்ணிக்கை கூடினால்தான் தீவனத்தைச் சந்தேகியுங்கள்.

செவுள் மூடியைத் தூக்கினால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தடித்து, நுனி உருண்டு தெரிகிறதா? பி வகையைச் சேர்ந்த பான்டோதெனிக் அமிலம் குறைவாக இருக்கலாம். ஆனால் அம்மோனியாவும் ஒட்டுண்ணியும் செவுளைக் கெடுக்கும் என்பதால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பிறகு வைட்டமின் டப்பாவைத் திறவுங்கள். கண்ணில் வெண்திரை படர்ந்தால் ரைபோஃபிளேவின் (பி2), கண் பிதுங்கி வயிறு நீர் கோத்தால் வைட்டமின் ஏ, செவுள் வெளுத்து இரத்தச் சோகை தெரிந்தால் ஃபோலிக் அமிலம் என்று புத்தகங்கள் பட்டியலிடும். குட்டையில் இவை தனித்தனியாக வருவது அரிது. தீவனம் மட்டமானால் நாலைந்து குறைவும் சேர்ந்தே வரும். மீன் தீவனத்துக்கு மெல்ல வருவதும், வளர்ச்சி நின்றுபோவதும், சின்ன நோய்க்கும் கூட்டமாகச் செத்து மிதப்பதும்தான் முதலில் கண்ணில் படும்.

தவிட்டின் காறல்

வைட்டமின் இ-யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானில் சாதாக்கெண்டைகளுக்குப் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவைத் தீவனமாகக் கொடுத்தார்கள். அதிலிருந்த எண்ணெய் காறிப்போயிருந்தது. மீன்களின் முதுகுத் தசை கரைந்து, தலைக்குப் பின்னால் கத்தி முனை போல மெலிந்தன. காறிய எண்ணெய் உடலில் இருக்கும் வைட்டமின் இ-யைத் தின்றுதீர்த்ததுதான் காரணம். இ சேர்த்துக் கொடுத்ததும் அது தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பட்டு நூற்கும் ஊர்களில் கூட்டுப்புழு மலிவாகக் கிடைக்கிறது. வாங்குபவர்கள் எண்ணெய் எடுத்ததை வாங்குங்கள், அல்லது புதிதாக வாங்கி உடனே பயன்படுத்துங்கள்.

கூட்டுப்புழுவை விட அன்றாட ஆபத்து தவிடு. அரிசி மில்லிலிருந்து வரும் பச்சைத் தவிட்டில் எண்ணெய் நிறைய. அரைத்த நிமிடத்திலிருந்தே அதிலிருக்கும் நொதி அந்த எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். மூட்டைக்குள் கையைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். புதுத் தவிட்டில் இனிப்பு கலந்த தானிய வாசம் வரும். தொண்டையில் கமறும் காறல் வாடை வந்தால் அந்த மூட்டையில் நீங்கள் எவ்வளவு இ கலந்தாலும் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். எண்ணெய் எடுத்த தவிடு இந்தத் தொல்லை இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். அதையே வாங்குங்கள். எண்ணெய்ச் சத்து வேண்டுமானால் புது எண்ணெயைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

பெயரைக் கேட்காதீர்கள், வடிவத்தைக் கேளுங்கள்.

வைட்டமின் சி சாதாரண அஸ்கார்பிக் அமிலமாக வந்தால் மலிவு. ஆனால் சூடு, ஈரம், காற்று, இரும்பு, செம்பு எல்லாமே அதற்குப் பகை. தீவனத்தில் கலந்த சில வாரங்களில் பெரும்பகுதி அழிந்துபோகும். அஸ்கார்பில் மோனோபாஸ்பேட் என்ற வடிவம் விலை அதிகம், ஆனால் சூட்டையும் சேமிப்பையும் தாங்கும். மீனின் குடலுக்குப் போனதும் பாஸ்பேட் கழன்று சி வெளிப்படும். சந்தையில் இது பெரும்பாலும் 35 சதவீதச் சத்துள்ள தூளாக வருகிறது.

வைட்டமின் இ டோகோஃபெரில் அசிடேட்டாக, 50 சதவீதத் தூளாகக் கிடைக்கும். அசிடேட் வடிவம் மீனின் குடலில் பிரிந்த பிறகே வேலை செய்யும் என்பதால் மூட்டையில் எளிதில் கெடாது. வைட்டமின் ஏ பூச்சிட்ட சிறு மணிகளாக இருக்க வேண்டும், வெறும் எண்ணெயாக வாங்காதீர்கள். கோலின் குளோரைடு பிரீமிக்ஸுக்குள்ளேயே கலந்திருந்தால் அந்த டப்பாவை வைத்துவிட்டு வாருங்கள். கோலின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பக்கத்திலிருக்கும் வைட்டமின்களைக் கெடுக்கும். அதைத் தீவனம் கலக்கும் நாளில் தனியே போட வேண்டும். சோயாப் பிண்ணாக்கும் கடலைப் பிண்ணாக்கும் நிறைய உள்ள கலவைக்குக் கோலின் ஏற்கெனவே கிடைத்துவிடுவதால் பெரும்பாலும் தனியே சேர்க்கத் தேவை இருக்காது. தாது உப்பும் வைட்டமினும் ஒரே டப்பாவில் இருப்பதும் இதே காரணத்தால் நல்லதல்ல. இரும்பும் செம்பும் சும்மா இருக்காது.

அளவுக் கணக்கு

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1993-ல் வெளியிட்ட அட்டவணை சாதாக்கெண்டைக்கு ஒரு கிலோ தீவனத்தில் வைட்டமின் ஏ 4,000 ஐ.யு. (சர்வதேச அலகு), இ 100 மில்லிகிராம், ரைபோஃபிளேவின் 7 மில்லிகிராம், நியாசின் 28, பான்டோதெனிக் அமிலம் 30, பைரிடாக்சின் 6, பயோட்டின் 1 மில்லிகிராம் என்று சொல்கிறது. பி12 வெளியிலிருந்து தேவையில்லை என்றும் சொல்கிறது. கெண்டையின் குடலில் வாழும் பாக்டீரியாக்களே அதைச் செய்துவிடுகின்றன. திலேப்பியாவும் அப்படித்தான்.

இந்த எண்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் கிடைத்த அடிமட்ட அளவுகள். மீன் தின்னும் நேரத்தில் தீவனத்துக்குள் உயிரோடு இருக்க வேண்டியது இவ்வளவு. தயாரிப்பு, சேமிப்பு, கரைதல் ஆகியவற்றின் இழப்பைச் சேர்த்தால் கலக்கும்போது இதைவிட அதிகம் போடத்தான் வேண்டும்.

நூறு கிலோ தீவனத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சி கிலோவுக்கு 100 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளில் சத்து 35 சதவீதம். 100-ஐ 0.35-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 286 மில்லிகிராம் தூள், நூறு கிலோவுக்கு 28.6 கிராம். இ கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால், 50 சதவீதத் தூளில் நூறு கிலோவுக்கு 20 கிராம். மற்றவை பிரீமிக்ஸில் வரும். டப்பாவில் டன்னுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மளிகைக் கடைத் தராசு உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு அவசியம்.

ஒரே நேரத்தில் எவ்வளவு தயாரிப்பது? குட்டையில் 2,000 மீன், சராசரி 300 கிராம் என்றால் மொத்தம் 600 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் என்று பார்த்தால் நாளுக்கு 12 கிலோ. பத்து நாள் தீவனம் 120 கிலோ. அதற்கு மேல் தயாரித்து அடுக்காதீர்கள். ஏப்ரல், மே மாதத் தகரக் கொட்டகையில் வைட்டமின் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும்.

கலக்கும் முறை

இருபது கிராம் தூளை நூறு கிலோ மாவின் மேல் தூவி மண்வெட்டியால் புரட்டினால் ஒரு மீன் பத்து நாள் பங்கைத் தின்னும், இன்னொன்றுக்கு எதுவும் கிடைக்காது. படிப்படியாகப் பெருக்க வேண்டும். வைட்டமின் தூள் முழுவதையும் ஒரு கிலோ எண்ணெய் எடுத்த தவிட்டில் கலக்குங்கள். அதைப் பத்துக் கிலோ மாவில், அதைப் பிறகு நூறு கிலோவில்.

முதல் கட்டம் சரியாகக் கலந்ததா என்று பார்க்க ரைபோஃபிளேவின் கைகொடுக்கும். அது ஆழ்ந்த மஞ்சள் தூள். அந்த ஒரு கிலோ தவிட்டைத் தட்டில் பரப்பினால் மஞ்சள் கோடுகளோ திட்டுகளோ தெரியக் கூடாது. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருந்தால் இருட்டான இடத்தில் அந்தத் தட்டின் மேல் அடித்துப் பாருங்கள். ரைபோஃபிளேவின் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், கலக்காத இடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். திட்டுகள் மறையும் வரை கையால் தேய்த்துக் கலக்குங்கள்.

மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசையாக்கிப் பிழிபவர்கள் பசையைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகே வைட்டமின் கலந்த மாவைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாத்திரத்தில் கொட்டினால் சி-யும் தயமினும் (பி1) அங்கேயே போய்விடும். பாத்திரம் எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், செம்பும் துருப்பிடித்த இரும்பும் வேண்டாம். பிழிந்ததை நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பதுதான் ஊர் வழக்கம். சீக்கிரம் காயும் என்பது உண்மை. வெளிச்சம் பட்டால் ரைபோஃபிளேவினும் கே-யும் ஏ-யும் அழியும் என்பதும் உண்மை. பூஞ்சை பிடிக்காமல் உலரும் அளவுக்குக் காற்று இருந்தால் போதும், வெயில் தேவையில்லை.

கம்பெனித் தீவனத்தின் மேல் பூசுவது

வலை இழுத்த பிறகு, குஞ்சு மாற்றிய பிறகு, நோயிலிருந்து தேறும் நாட்களில் கூடுதல் சி பயன்படும். அதற்கு மேற்பூச்சு ஏற்றது. பத்துக் கிலோ தீவனத்துக்கு, கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தால், 35 சதவீதத் தூள் 5.7 கிராம் ஆகும். அதை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, தீவனத்தைப் பரப்பித் தெளிப்பானால் சீராகத் தெளித்து, நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 100 மில்லி மீன் எண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊற்றிப் புரட்டுங்கள். அந்த எண்ணெய்ப் போர்வைதான் தண்ணீரில் கரையாமல் காக்கும். பூசியதை அன்றே போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

எண்ணெய்க்குப் பதில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் பசையாகத் தடவும் வழக்கமும் இருக்கிறது. அதிலிருக்கும் அவிடின் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும். என்றாவது ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தினமும் வேண்டாம்.

எப்படிப் பூசினாலும் மீன் தின்னாமல் மிதக்கும் தீவனத்தில் வைட்டமின் கரைந்துகொண்டே இருக்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவாகப் பிரித்துப் போடுங்கள். வைட்டமின் தூளைக் குட்டையில் நேராகக் கரைத்து ஊற்றுவது பாசிக்குத் தீனி போடுவதற்குச் சமம்.

விரால், கொடுவா வளர்ப்பவர்களுக்கு

கழிவு மீனை நறுக்கிப் போட்டு வளர்ப்பவர்களுக்குத் தயமின்தான் பிரச்சினை. மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் பச்சை உடலில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமினைச் சிதைத்துவிடும். பச்சை மீனோடு வைட்டமின் தூளைக் கலந்து ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் போட்டால், தூளில் இருந்த பி1 இரவோடு இரவாகக் காலி. ஐஸில் வைப்பதாலோ உறைய வைப்பதாலோ அந்த நொதி சாவதில்லை. வேகவைத்தால்தான் சாகும்.

குறைவு முற்றும்போது மீன் நரம்புத் தளர்ச்சி காட்டும். தொட்டிச் சுவரை விரலால் தட்டினால் அதிர்ந்து சுழலும், பக்கவாட்டில் சாயும், சில நேரம் வலிப்பு வந்து அடியில் விழும். இதைக் கிருமி நோய் என்று எண்ணி ஆன்டிபயாடிக் போடுபவர்கள் உண்டு. செய்ய வேண்டியது, மீனை வேகவைத்து ஆறிய பிறகு வைட்டமின் கலந்து கொடுப்பது. அது முடியாவிட்டால் காலையில் வைட்டமின் பூசிய உருண்டைத் தீவனம், மாலையில் கழிவு மீன் என்று வேளையைப் பிரிப்பது. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது.

அளவு மீறினால்

நீரில் கரைபவை கூடினால் பெரும்பாலும் வெளியேறிவிடும், நட்டம் பணத்தோடு நிற்கும். ஏ-யும் டி-யும் அப்படி அல்ல, ஈரலில் சேரும். ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்தால் வளர்ச்சி குன்றும், துடுப்பு அரிக்கும், முதுகெலும்பே கோணும். கடைசியாகச் சொன்னது வைட்டமின் சி குறைவைப் போலவே இருப்பதால், பண்ணையாளர் இன்னும் ஒரு டப்பா வாங்கிக் கொட்டும் ஆபத்து உண்டு. மீன் எண்ணெயை ஏற்கெனவே தாராளமாகச் சேர்ப்பவர்கள், ஏ-டி தனி டானிக் எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது.

வளைந்த எலும்பு நிமிராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சி சரியான பிறகு புதிதாக வளைவது நிற்கும், காயங்கள் ஆறத் தொடங்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே வளைந்தவற்றை அடுத்த வலையில் பிரித்து முதலில் விற்றுவிடுங்கள். தின்பதற்கு அவற்றால் கெடுதல் இல்லை.

தேதி முடிந்த பிரீமிக்ஸ் டப்பாவைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, "இரண்டு மடங்கு போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. வைட்டமின்கள் எல்லாம் ஒரே வேகத்தில் அழிவதில்லை. சி காணாமல் போயிருக்கும் டப்பாவில் டி ஏறக்குறைய முழுதாக இருக்கலாம். இரு மடங்கு போட்டால் இல்லாதது இல்லாமலே இருக்கும், இருப்பது இரட்டிப்பாகும். டப்பா திறந்த நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத அறையில், தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். தேதி முடிந்தால் கொட்டிவிடுங்கள்.